கோலிக்குண்டும் இரும்புக்குண்டும்

தங்கைக்கு மறுநாள் காலை மாதிரி வகுப்பு. சங்கரன்கோவில் பள்ளி ஒன்றில் இயற்பியல் ஆசிரியர் இடம் காலியாகியிருந்தது. நிர்வாகக் குழுவின் முன் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். கொடுத்த தலைப்பு, விடுபடு வேகம். மாலையில் அவள் வீட்டில் ஒத்திகை. மாணவர்கள் இரண்டு பேர்: நானும், ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் அவள் கணவரும்.

பூமியின் இழுப்பிலிருந்து ஒரு பொருள் தப்ப வேண்டுமானால், நொடிக்குப் பதினொரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான வேகத்தில் எறிய வேண்டும் என்றாள். இங்கிருந்து பக்கத்து ஊரான கரிவலம்வந்தநல்லூருக்குப் போக ஒரே நொடி. பத்திரிகையில் பிழை திருத்துபவனாக ‘விடுபடு வேகம்’ என்ற சொல்லைப் பலமுறை திருத்தியிருக்கிறேன், அதன் பொருள் அன்றுதான் உறைத்தது. பொருளின் எடை எதுவானாலும் வேகம் அதேதான் என்று அவள் சொன்னதும் மாப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கோலிக்குண்டுக்கும் இரும்புக்குண்டுக்கும் ஒரே வேகமா? ஏட்டி, கடையில லோடு ஏத்துதவன் கேட்டா சிரிப்பான்."

அவள் சமன்பாடு எழுதி, இருபுறமும் இருந்த எடையை அடித்துக் காட்டினாள்.

"அடிச்சிட்டா பாரம் இல்லன்னு ஆயிருமா?"

குழுவில் பாதிப் பேர் வியாபாரிகள். இதையே கேட்பார்கள். சமன்பாடு போதாது, உருட்டிக் காட்ட ஏதாவது வேண்டும் என்றாள்.

மாப்பிள்ளைதான் எழுந்து போனார். கடையிலிருந்து நீளவாக்கில் பிளந்த பிவிசி குழாயும், விசைத்தறி பேரிங்கிலிருந்து கழற்றிய இரும்புக்குண்டும் வந்தன. கோலி தெருப் பையன்களிடம் கிடைத்தது. குழாயை வளைத்து இரு முனைகளையும், ஒன்றை உயரமாகவும் மற்றதைச் சற்றுத் தாழ்வாகவும், புத்தக அடுக்குகளின் மேல் ஏற்றினாள். நடுப்பள்ளம் பூமி; தாழ்ந்த முனையைத் தாண்டினால் விடுதலை. உயர்ந்த பக்கத்தில் கொஞ்சம் கீழேயிருந்து விட்ட கோலி எதிர்ப்பக்கம் பாதி ஏறித் திரும்பியது. அதே பக்கம் இன்னும் உயரத்தில் ஒரு கோடு போட்டு அங்கிருந்து விட்டாள். கோலி வெளியே குதித்தது. அதே கோட்டிலிருந்து இரும்புக்குண்டு. மூவரும் எழுந்து நின்றுவிட்டோம். அதுவும் குதித்து பீரோவுக்கு அடியில் ஓடியது.

மண்டியிட்டுத் தேடிக்கொண்டே அவர் சொன்னார்: "மேல தூக்கி வைக்கத்தான் தெம்பு கூட வேணும். வேகம் ஒண்ணுதான்."

நிஜத்தில் இந்த முனை கிடையாது என்றாள் தங்கை. ஏற்றம் முடிவதே இல்லை. போகப் போகச் சரிவு குறையும், அவ்வளவுதான். முடியாத ஏற்றத்துக்கும் அந்த ஒரு வேகம் போதும். சாப்பாடு ஆறும்வரை குண்டு விட்டோம்.

மறுநாள் மதியம் அவளிடமிருந்து போன். குழுவில் ஒருவர் அதே கேள்வியைக் கேட்டாராம். அவர் கையிலேயே குண்டுகளைக் கொடுத்துவிட்டாளாம்.

"எண்ணே, திங்கக்கிழமையே வேலைக்கு வரச் சொல்லிட்டாவ. பைப்பத்தான் தரமாட்டேங்காவ, இன்னும் உருட்டிக்கிட்டு இருக்காவ."