மாப்பிள்ளைத் தவளை கிடைக்கவில்லை

பள்ளிக்கூடத்தில் வருஷக்கணக்காகத் தேர்வு அறைக் கண்காணிப்பு பார்த்து எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. யாராவது சத்தமில்லாமல் இருந்தால் உடனே அவர்கள் கையைப் பார்ப்பேன். தெருவில், மளிகைக் கடையில், மாதா கோயிலில்கூட இந்தப் பார்வை என்னை விட்டுப் போவதில்லை. "உங்களுக்கு மனுஷரை நம்பவே தெரியாதுங்க" என்பாள் என் மனைவி. ஆகவே போன கோடையில் எங்கள் வீட்டு போர் மோட்டார் தண்ணீருக்குப் பதில் காற்றை வாங்க ஆரம்பித்தபோது, என் சந்தேகம் நேராகப் பக்கத்து வீட்டு வக்கீல் மேல் போய் நின்றது.

திண்டுக்கல்லிலிருந்து தாடிக்கொம்பு போகும் சாலையில் இருக்கிறது எங்கள் நகர். பஸ்ஸில் கண்டக்டர் இன்றும் "குளத்தங்கரை இறங்கு" என்றுதான் கத்துவார். புதிதாகக் குடிவந்தவர்கள் இறங்கி நின்று குளத்தைத் தேடுவார்கள். குளமும் அதை ஒட்டிய தாழ்வான வயலும் தூர்ந்து போய், மனைகளாகி, அதன் மேல்தான் நாங்கள் எல்லாரும் வீடு கட்டியிருந்தோம். மனை வாங்கும்போது பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். விற்றவர் முகத்தை அதைவிட அதிகமாகப் பார்த்தேன். காலுக்குக் கீழே இருந்த மண்ணைப் பார்க்கத் தோன்றவில்லை.

நாங்கள் வந்த புதிதில் நாலைந்து வீடுகள்தான். மழை பெய்தால் காலி மனைகளில் தண்ணீர் நிற்கும். அன்று சாயங்காலமே தவளைகள் ஆரம்பித்துவிடும். டிவி சத்தத்தைக் கூட்டினால் அவையும் கூட்டும். நீர்க்கோழி ஒன்று வாசல்வரை வந்து வீட்டை மேற்பார்வை பார்த்துவிட்டுப் போகும். "தவளை வந்தா பின்னாடியே பாம்பு வரும் சார், நாங்க சிமெண்டு போட்டுட்டோம், நீங்களும் போட்ருங்க" என்றார் எதிர்வீட்டு அம்மா. அவர் வீட்டில் பாம்பு வராவிட்டால் அது எங்கள் வீட்டுக்குத்தானே வரும் என்று நானும் சுற்றிலும் பேவர் கல் பதித்தேன். எனக்கு அடுத்த வீட்டுக்காரரும் அதே கணக்குப் போட்டார். இப்படியே தெரு முழுக்கக் கல்லானது.

பிறகு ஆட்கள் பெருகினார்கள். காலி மனைகள் நிரம்பின. ஒட்டன்சத்திரம் பக்கமிருந்து வந்தார்கள், பேகம்பூரில் இடம் போதாமல் வந்தார்கள், நிலக்கோட்டைப் பக்கம் தோட்டத்தை விட்டுவிட்டு வந்தார்கள். எல்லாரும் மாடி எடுத்து வாடகைக்கு விட்டார்கள், நானும்தான். ஓர் அடுப்பு எரிந்த மனையில் மூன்று அடுப்பு எரிந்தது. வீட்டுக்கு ஒரு போர். எந்த மழைக்காலத்திலிருந்து தவளைச் சத்தம் நின்றது என்று யோசித்தால் எனக்கு நினைவில்லை. தூக்கம் நன்றாக வந்ததால் யாரும் கவனிக்கவில்லை.

மற்ற வீடுகளில் தண்ணீர் போனால் தொல்லை. எங்கள் வீட்டில் போனால் அப்பாவே போய்விடும் நிலைமை. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு படுத்த படுக்கையாக இருந்தார். துடைக்க, குளிப்பாட்ட, துணி அலச, பொழுதுக்கும் தண்ணீர் வேண்டும். "தண்ணியே இல்லாத வீட்ல எப்புட்றா பாப்ப? மதுரையில ஒரு நல்ல ஹோம் இருக்கு, விட்ருவோம்" என்று அண்ணன் போனில் சொல்ல ஆரம்பித்தார். அப்பாவுக்குப் பேச்சுதான் போயிருந்தது, காது போகவில்லை. அண்ணனின் போன் வரும் நாட்களில் அவர் சுவர்ப்பக்கமாகத் திரும்பிக்கொள்வார். அதைப் பார்க்க எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

அந்த எரிச்சலில்தான் வக்கீலைக் கவனித்தேன். ஓய்வு பெற்ற மனிதர், தனிக்கட்டை, யாரையும் உள்ளே விடமாட்டார். சுவர் மேல் கண்ணாடிச் சில்லு பதித்திருந்தார். ஊரே காய்ந்து கிடக்க, அவர் சுவருக்கு மேலே வாழையிலை மட்டும் பளபளவென்று தலையாட்டிக்கொண்டிருந்தது. சுவரின் அடிப்பகுதி எப்போதும் ஈரம். விடிந்தும் விடியாமலும் உள்ளே ஒரு மோட்டார் உறுமும். துணி காயப்போடும் சாக்கில் மொட்டை மாடிக்குப் போய் எட்டிப் பார்த்தேன். வாழை மறைத்தது. "பாதாளம் வரைக்கும் போர் இறக்கியிருக்கான். நம்ம தண்ணியத்தான் உறிஞ்சுறான்" என்றேன் மனைவியிடம். "நேர்ல கேக்க வேண்டியதுதான?" என்றாள். கேட்டால் உஷாராகிவிடுவார் என்று விட்டுவிட்டேன்.

இந்த நேரத்தில் நகர் சங்கக் கூட்டத்தில் எதிர்வீட்டு அம்மா எழுந்தார். "எங்க ஊர்ல மழை பொய்ச்சா ரெண்டு தவளையப் பிடிச்சுக் கல்யாணம் பண்ணி வப்பாக. தாலி ஏறுன கையோட கொட்டும்" என்றார். சிரிப்பு வந்தது. ஆனால் தண்ணீர் லாரிக்கு நாள்கணக்கில் காத்திருந்தவர்களுக்குச் சிரிக்கத் தெம்பில்லை. மழைக்காகத் தினமும் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த என் மனைவியே கேசரிக்கு நெய் கொடுத்தாள். "ரெண்டு பக்கமும் சொல்லி வைப்போமே" என்றாள்.

ஏற்பாடு தடபுடலாக நடந்தது. என் மாடியில் குடியிருந்தவர் பூ வேனில் போகிறவர். நிலக்கோட்டையிலிருந்து மல்லி கொண்டுவந்தார். கட்டைவிரல் நுழையாத அளவுக்குச் சின்னச் சின்ன மாலையாக இரண்டு கட்டினார்கள். மஞ்சள் நூல் தயார், குங்குமம் தயார், கேசரி தயார். பொண்ணும் மாப்பிள்ளையும்தான் இல்லை.

தெருத் தெருவாகத் தேடினோம். சாக்கடையில் பிளீச்சிங் பவுடர் வாடைதான் அடித்தது. குழாயடி காய்ந்து கிடந்தது. கல்லைத் தூக்கிப் பார்க்கலாம் என்றால் எல்லாக் கல்லும் சிமெண்டில் பதிந்திருந்தது. முன்பெல்லாம் தூங்கவிடாமல் கத்தியவற்றில் ஜோடிக்கு இரண்டு கேட்டால் கிடைக்கவில்லை. சங்கச் செயலாளர் ஒரு டப்பாவோடு வேர்த்து விறுவிறுத்து வந்தார். திறந்து பார்த்தால் சொறி சொறியாக ஒரு தேரை. "ஏலே, தேரைக்கு யாருடா தாலி கட்டுவா?" என்று அவருடைய சித்தப்பாவே திட்டினார். கல்யாணத்தில் நம்பிக்கை இல்லாத செயலாளர் வேண்டுமென்றே தேரையைப் பிடித்து வந்தாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. "வக்கீல் வீட்டுப் பின்பக்கம் ஈரமா இருக்கு, அங்க பாப்போமே" என்றேன். தவளை எனக்கு ஒரு சாக்கு. அவருடைய போரை ஊர் முன்னால் கண்டுபிடிக்க வேண்டும் என்பதுதான் என் திட்டம்.

ஒரு கூட்டமாகப் போய்க் கதவைத் தட்டினோம். விஷயத்தைக் கேட்டுவிட்டு எங்களை ஒவ்வொருவராக ஏற இறங்கப் பார்த்தார். என் மேல் அந்தப் பார்வை செத்த நேரம் கூடுதலாக நின்றது. பிறகு, "வாங்க" என்று பின்பக்கம் அழைத்துப் போனார்.

அங்கே மண் இருந்தது. வெறும் மண். குளியலறைத் தண்ணீரும் சமையலறைத் தண்ணீரும் ஒரு குழாய் வழியாக வந்து குழி ஒன்றில் விழுந்தது. அதைச் சுற்றி வாழை, சேம்பு, பெயர் தெரியாத செடிகள். தட்டான் பறந்தது. சேம்பிலைக்கு அடியில் மினுமினுவென்று ஒரு ஜோடிக் கண். என் கண் மட்டும் போரைத் தேடியது. மூலையில் இருந்தது, மூடி துருப்பிடித்து.

"அது செத்து ரொம்ப நாளாச்சு சார். நானும் லாரித் தண்ணிதான்" என்றார் வக்கீல், நான் கேட்காமலே. "காலையில தொட்டிலருந்து மேல ஏத்துவேன். அந்தச் சத்தம் உங்களுக்குக் கேட்டிருக்கும்."

முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. "ஏன் இங்க கல்லு பதிக்கல?" என்று எதையோ கேட்டு வைத்தேன்.

"மேஸ்திரியோட சண்டை. பாதியில போயிட்டான். அப்புறம் செலவழிக்க மனசு வரல."

அதற்குள் இரண்டு தவளைகளைத் துணி போட்டுப் பிடித்திருந்தார்கள். எதிர்வீட்டு அம்மா முகம் மலர மாலையை எடுத்தார். வக்கீல் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கல்யாணம் முடிஞ்சதும் இதுகளை எங்க விடுவீக?"

"வழக்கப்படி குளத்துலதான்..." என்று தொடங்கிய அம்மா நிறுத்திக்கொண்டார்.

"எந்தக் குளத்துல?"

கேசரிப் பாத்திரத்தைத் தூக்கி வந்தவர் அதை மெதுவாகக் கீழே வைத்தார். இத்தனை வருஷம் அந்தத் தெருவில் குடியிருந்ததில் எனக்கு அவமானமாக இருந்தது அந்த ஒரு நிமிஷம்தான்.

கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். அவர் வீட்டுப் பின்கட்டுப் படியிலேயே கல்யாணம், முடிந்ததும் அதே குழியில் விட்டுவிட வேண்டும். அப்படியே நடந்தது. மஞ்சள் பூசி, மாலை போட்டு, தாலி கட்டி, குலவையும் போட்டார்கள். இரண்டும் பெண் தவளை என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். அவிழ்த்து விட்டதும் திரும்பிப் பார்க்காமல் சேம்புக்குள் குதித்து மறைந்தன.

மழை உடனே வரவில்லை. அது வர வேண்டிய பருவத்தில் வந்தது. கல்யாணத்தால்தான் வந்தது என்று எதிர்வீட்டு அம்மா சொல்ல, மனைவி சிரித்துக்கொண்டே ஜெபமாலையைத் தொட்டுக் காட்டினாள். நான் வாசலில் நின்று தண்ணீரைப் பார்த்தேன். எங்கள் கல்லில் விழுந்து, தெருக் கல்லில் ஓடி, நெடுஞ்சாலைச் சாக்கடையில் இறங்கி, நாங்கள் துணி எடுத்து முடிப்பதற்குள் போய்ச் சேர்ந்தது. ஊர் முழுவதும் பெய்ததில் ஒரு சொட்டுகூட எங்கள் மனைக்குள் இறங்கவில்லை. என் போரை உறிஞ்சிய திருடனை இத்தனை நாள் சுவருக்கு அந்தப் பக்கம் தேடியிருக்கிறேன்.

சாயங்காலம் வக்கீல் வீட்டிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. முதலில் ஒன்று, பிறகு இன்னொன்று. அப்பா சுவரிலிருந்து முகத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் லீவு போட்டேன். அப்பா அறை ஜன்னலுக்குக் கீழே கடப்பாரையால் பேவர் கற்களைப் பெயர்த்தேன். குழி வெட்டி, அவரைக் குளிப்பாட்டும் தண்ணீர் அதில் விழும்படி குழாயைத் திருப்பினேன். போர் என்றைக்குத் தேறுமோ தெரியாது. அதுவரை லாரிக்குக் காத்திருப்போம், அப்பா எங்கும் போகப் போவதில்லை என்று அண்ணனிடம் போனில் சொல்லிவிட்டேன்.

கல் பெயரும் சத்தம் கேட்டு எதிர்வீட்டு அம்மா கேட் வரை வந்துவிட்டார்.

"என்ன சார், சத்தங்காட்டாம புது போர் போடுறீங்களா?"

"இல்லம்மா. தண்ணி இறங்கட்டும்னு மண்ணைத் திறந்து விடுறேன், அம்புட்டுத்தான்."

அவர் கேட்டைப் பிடித்தபடி என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.