மாதம்மாள் பிடித்த இடம்

ஜமுனாமரத்தூர் பஸ் நிற்பதற்குள் மாதம்மாளின் துண்டு ஜன்னல் வழியாக உள்ளே போய் இடம் பிடித்துவிடும். பிறகு அவள் ஏறி, முதலில் வயிற்றைப் பத்திரமாக உட்காரவைத்து, மிச்ச இடத்தில் தான் உட்காருவாள். சாமை அறுக்கும் உடம்பு. கையும் காலும் புளியங்குச்சி. வயிறு மட்டும் நிறைமாதம்.

"இன்னாக்கா, வளைகாப்பு எப்போ?" என்பார் கண்டக்டர் லட்சுமணன்.

"ஒரு டிக்கெட் கிழி தம்பி. ரெண்டு கிழிச்ச, தெரியும் சேதி."

கண்டக்டரை மன்னிக்கலாம், அவர் மருத்துவம் படிக்கவில்லை. படித்த மகான்கள் இரண்டு வருடமாக அவளுக்குக் கண்டுபிடித்த வியாதி வாயு. தொட்டுப் பார்க்காமலே கண்டுபிடித்தார்கள் என்பதில்தான் அவர்களுடைய மேதைமை. வாயு மாத்திரையைத் தின்றே வயிற்றுக்குள் இருந்த கட்டி பூசணியாக வளர்ந்தது.

கடைசியில் மலைக்குக் கீழே பெரியாஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா வயிற்றில் கைவைத்தார். குடலுக்குப் பின்னால் முளைக்கிற அபூர்வக் கட்டியாம். பெரிய ரத்தக்குழாயை அது பிடித்திருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ. படத்தில் தெரிந்தால்தான் கத்தி வைக்க முடியும். கட்டியைவிட அபூர்வம், மாதம்மாள் மலையிறங்கும் நாளில் அந்த மெஷின் ஓடுவது. முதல் தடவை ரிப்பேர். அடுத்த தடவை ஆள் லீவு.

மூன்றாம் தடவை மெஷினும் ஓடியது, ஆளும் இருந்தாள். காப்பு இடித்தது. மகன் காய்ச்சலில் கிடந்தபோது காளியம்மனுக்கு வேண்டிப் போட்ட இரும்புக் காப்பு. திருவிழாவில் பூசாரிதான் கழற்றவேண்டும்.

"இரும்போட போனா மெஷின் இஸ்துக்கும்மா," என்றாள் படமெடுக்கும் பூவிழி. "கழட்டுங்க. இல்லன்னா அடுத்த மாசம் வாங்க."

"மொதல்ல ரிப்பேருன்னீங்க. அப்பறம் ஆளே இல்லன்னீங்க. இப்போ ஆத்தா மேலயே பழியா?"

"ஆத்தாவ வூட்டுக்காரர் கைல குடுத்துட்டு வாங்க."

வீட்டுக்காரர் சடையன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். "நம்மளால ஆவாது. தொட்டா கண்ணு போய்டும்."

பூவிழி அடுத்த பெயரைக் கூப்பிட வாயெடுத்தாள். மாதம்மாள் எழுந்து குழாயடிக்குப் போய், சோப்புப் போட்டுக் காப்பை இழுத்தாள். தோலும் கொஞ்சம் கூடவே வந்தது. திரும்பி வந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் துண்டை விரித்து, நடுவில் காப்பை வைத்தாள்.

"ரெண்டு வருசமா நான் காத்துக் கெடந்தேன். நீயும் கொஞ்சம் குந்து."

துண்டின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்துவிட்டு, வயிற்றைத் தாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.