சகலை வீட்டு ஜெபம்

சனிக்கிழமை காலை ஆறே முக்காலுக்குத் திருநகரில் பஸ் ஏறினேன். பெரியார் நிலையத்தில் மாறி, ஆரப்பாளையம் போய், வாடிப்பட்டி பஸ்ஸில் உட்கார்ந்தபோது ஏழே முக்கால். இருபத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் இருபத்திரண்டு ரூபாய். நம் சபையில் பலர் இந்த வழியாகத் திண்டுக்கல் போயிருப்பீர்கள். வாடிப்பட்டியில் இறங்கியிருக்க மாட்டீர்கள். நானும் அதுவரை இறங்கியதில்லை.

போன காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவியின் தங்கை கணவர், என் சகலை தேவதாஸ், மூன்று வருடத்துக்கு முன்புவரை நம் சபையில்தான் இருந்தார். அழகாக, நீளமாக ஜெபிப்பார். எனக்கு நாலு பேர் முன்னால் வாய் திறந்து ஜெபிக்க வராது. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் வாசலில் நிற்கும்போது, “நீ ஜெபம் பண்றது ஆண்டவருக்கா, மைக்குக்கா?” என்று அவரிடம் கேட்டுவிட்டேன். சிலர் சிரித்தார்கள். அன்றோடு தேவதாஸ் சபையில் ஜெபிப்பதை நிறுத்தினார். பிறகு சொந்த ஊருக்கே வயல் பார்க்கப் போய்விட்டார்.

நான் சொன்னது பொறாமையில் சொன்னது. அது எனக்கு மட்டும்தான் தெரியும். அதிலிருந்து, திருவிருந்தில் அப்பமும் ரசமும் வாங்க எல்லோரும் எழுந்து முன்னால் போகையில், இதை மனதில் வைத்துக்கொண்டு வாங்கக் கூடாது என்று நான் உட்கார்ந்தே இருப்பேன். கனி கொடுக்கிற வாழ்க்கையைப் பற்றிப் போதகர் பேசினால் தரையைப் பார்த்துக்கொள்வேன். மறுநாளும் திருவிருந்து ஞாயிறு. அதற்குள் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் கிளம்பினேன்.

எட்டு மணிக்குப் பரவை. மார்க்கெட்டில் கத்திரிக்காய் வாங்கிக்கொண்டு ஓர் அம்மா ஏறி, எதிர் சீட்டில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.

“என்னண்ணே, உதடு மட்டும் ஆடுது. யாரத் திட்டிக்கிட்டு வாரீக?”

மன்னிப்புக் கேட்கப் போகிறேன், அதைத்தான் சொல்லிப் பார்க்கிறேன் என்றேன்.

“மூஞ்சியப் பாத்தா அடிக்கப் போற மாதிரியில்ல இருக்கு” என்று சொல்லிவிட்டு, பையை மடியில் வைத்துத் தூங்கிப் போனார்.

சமயநல்லூர் தாண்டியதும் வயல்கள் வந்தன. ராத்திரி பெய்த மழையில் எல்லாம் நனைந்து, தண்ணீருக்குள் வானம் கிடந்தது. சிறுமலை பாதிக்கு மேல் பனியில் கரைந்துவிட்டது. கொக்குகள் அசையாமல் நின்றன. பஸ் போகிறதா, வயல்கள்தான் பின்னால் மிதக்கின்றனவா என்று தெரியவில்லை.

எட்டே முக்காலுக்கு வாடிப்பட்டி. அங்கிருந்து கால்வாய் ஓரமாக மூன்று கிலோமீட்டர். ஷேர் ஆட்டோவுக்குப் பதினைந்து ரூபாய். தேவதாஸ் வீடு என்றதும் ஆட்டோக்காரர், “வாயத் தெறக்காத மனுசராச்சே, அவருக்கு ஒறவா நீங்க?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்ல எனக்குக் கஷ்டமாக இருந்தது.

கொழுந்தியாள் கிரேஸ் ஓடி வந்து வரவேற்றாள். தேவதாஸ் வயலில் இருந்து சேற்றுக் காலோடு வந்து, தலையை மட்டும் அசைத்தார். நான் மழையைப் பற்றிக் கேட்டேன். வரப்பு உடைந்ததைச் சொன்னார். அவ்வளவுதான் பேச்சு. ஒன்றரை மணி நேரம் இருவரும் கால்வாயைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். பஸ்ஸில் சொல்லிப் பார்த்த ஒரு வார்த்தையும் வரவில்லை. கடைசியில் போய்விட்டு வருகிறேன் என்று எழுந்தேன்.

“டீ போட்டுட்டேன். ஜெபம் பண்ணாம எப்படி மச்சான் போவீக? இன்னைக்கு நீங்களே பண்ணுங்க” என்றாள் கிரேஸ். எனக்கு ஜெபிக்க வராது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

மூவரும் கண்ணை மூடினோம். இமைக்குள் வெயில் சிவப்பாகத் தெரிந்தது. தண்ணீர் ஓடும் சத்தம் மெல்ல மெல்லப் பெரிதாகி, அதற்குள் நான் மட்டும் நிற்பதுபோல் இருந்தது. யார் முகமும் தெரியாததால் வாய் திறந்தது.

“ஆண்டவரே, அன்னைக்கு வாசல்ல நான் சொன்னது பொறாமையில சொன்னது. எனக்கு வராதது அவனுக்கு வந்துச்சு. அவன் வாயக் கட்டிப்புட்டேன். அவன என்னைய மன்னிக்கச் சொல்லுங்க ஆண்டவரே.”

அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. ஆமென் சொல்லவும் மறந்துவிட்டேன். ஆமென் வராமல் நம்மவர்கள் கண் திறப்பதில்லையே. மூவரும் அப்படியே நின்றோம். கொஞ்ச நேரம் கழித்துத் தேவதாஸின் குரல் கேட்டது.

“ஆண்டவரே, இந்த அண்ணனுக்கு ஆரம்பிச்ச ஜெபத்த முடிக்கத் தெரியல. அதனால நான் முடிச்சு வைக்கிறேன்.”

கிரேஸ் சிரிப்பை அடக்குவது கேட்டது. தேவதாஸ் தொடர்ந்தார்.

“மூணு வருசமா இவரு மேல கசப்ப வச்சுக்கிட்டு, உம்மகிட்டயும் பேசாம இருந்துட்டேன். என்னையும் மன்னியும் ஆண்டவரே.”

முடித்து வைக்கிறேன் என்றவர் முடிக்கவேயில்லை. மழைக்காக, உடைந்த வரப்புக்காக, நம் சபைக்காக, போதகரின் முழங்கால் வலிக்காக, என் மனைவி பிள்ளைகளுக்காகப் பேர் பேராகச் சொல்லி ஜெபித்தார். டீ ஆறி ஆடை கட்டியிருக்கும். பஸ் நேரமும் போயிருக்கும். முடிந்துவிடக் கூடாதே என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

வாடிப்பட்டி வரை தன் வண்டியில் கொண்டுவந்து விட்டார். பஸ் வரும்போது சொன்னார்: “நீங்க சொன்னதுல பாதி நெசம்ணே. கொஞ்சம் மைக்குக்கும்தான் பண்ணேன்.”

பஸ் ஏறிவிட்டேன்.

திருநகரில் தெருக்கள் நூல் பிடித்ததுபோல் நேராக இருக்கும். தேவதாஸ் ஊரில் பாதை கால்வாய் போகிற போக்கில் வளைந்து வளைந்துதான் போகிறது. என்றாலும் வீடு வந்து சேர நேரமே ஆகாததுபோல் இருந்தது. மறுநாள் திருவிருந்துக்கு என் வரிசை எழுந்தபோது நானும் எழுந்தேன்.