வாழவந்திக்கு வரி போடாத தலைச்சோலை

1. ஒரு திங்கட்கிழமை காலை எங்கள் ஏற்காட்டுக் கல்லூரிக்கு உலக வர்த்தகம் வந்து சேர்ந்தது. பன்னாட்டு வணிகப் பொருளாதாரம் கற்பிக்கும் சிமுலேஷன் மென்பொருள். நான் அப்போது கௌரவ விரிவுரையாளர். கௌரவம் நிரந்தரம், வேலையைத்தான் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். வியாழனன்று ஆய்வுக் குழு முன்னால் இரண்டு நாடுகள் வரிப்போர் நடத்த வேண்டும், என் புதுப்பிப்பு அதைப் பொறுத்தது என்று முதல்வர் அன்போடு தெரிவித்தார்.

மாணவர்கள் வந்த பஸ்படியே உட்கார்ந்தார்கள். ஆகவே தலைச்சோலை ஊர்ப் பிள்ளைகள் காபி நாடு, வாழவந்தி ஊர்ப் பிள்ளைகள் அரிசி நாடு. ஒவ்வொரு சுற்றிலும் இறக்குமதி வரியைத் தட்ட வேண்டும். ஒரு நாடு ஆசைப்பட்டு வரி போடும், மற்றது பழிவாங்கும், இரண்டும் நஷ்டப்படும் என்பது பாடம். புதன்வரை இரண்டும் பூஜ்யமே தட்டின.

காபி நாட்டுத் தலைவி மல்லிகாவிடம், கொஞ்சம் வரி போடு என்று கெஞ்சினேன்.

“எப்படிங்க சார்? எங்கக்காவ வாழவந்தியிலதான் கட்டிக்குடுத்திருக்குது. அந்த டீம் லீடரு செந்திலு, அக்கா கொழுந்தனாருங்க.”

“கம்ப்யூட்டர்லதானே கண்ணு.”

“சாயங்காலம் ஊட்டுல போயிச் சொல்லுவாருங்க. எங்கக்காதான் பேச்சு வாங்கோணும்.”

2. வியாழன். திரையில் இரு நாட்டு வருமானத்தைக் காட்டும் இரண்டு பச்சைக் கோடுகள் சமாதானமாகப் படுத்திருந்தன. குழுத் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். பொறுக்க மாட்டாத முதல்வர் மல்லிகாவை நகரச் சொல்லி, தாமே நாற்பது சதவீதம் தட்டினார். வாழவந்தியின் கோடு சிவந்து சரிந்தது. முதல்வர் முகம் மலர்ந்தது. இனிப் பழிவாங்கல்தான்.

செந்தில் பூஜ்யமே தட்டினான்.

“அது அவிய போட்டதில்லீங்க, பிரின்சிபால் சார் போட்டது. அவருக்கும் எங்களுக்கும் என்னங்க பகை?”

அடுத்த சுற்றில் மல்லிகா கழித்தல் நாற்பது தட்டினாள். அதாவது வரிக்குப் பதில் மானியம். மென்பொருள் சற்றுத் திகைத்துவிட்டு ஏற்றுக்கொண்டது. வாழவந்தியின் கோடு மேலே ஏறியது.

இது எந்தக் கோட்பாடு என்று குழுத் தலைவர் கேட்டார்.

“சீருங்க சார்.”

அவர் மரியாதையாக எழுதிக்கொண்டார்.

3. பணி புதுப்பிக்கப்பட்டது. நிபந்தனை ஒன்று: இனிச் சம்பந்தி ஊர்கள் எதிரெதிர் நாடுகளாக உட்காரக் கூடாது. இளைய ஆசிரியர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மென்பொருள் வாங்குமுன் பெண் கொடுத்த ஊர், எடுத்த ஊர் விசாரித்துவிடுங்கள்.

நானும் விசாரித்தே தலைச்சோலைக்கு எதிரில் குப்பனூர் மாணவர்களை உட்கார வைத்தேன். முதல் சுற்றிலேயே பூஜ்யம் தட்டினார்கள். உங்களுக்குள்தான் சம்பந்தம் ஏதும் இல்லையே என்றேன்.

“மல்லிகா அண்ணனுக்கு எங்கூர்லதான் பொண்ணு பேசியிருக்குதுங்க. தையில கல்யாணம், அது முடியற வரைக்கும் கொஞ்சம் பொறுங்க சார்.”