நைனா நிறுத்திய சத்தம்

மாலைச் செய்தியில் ஒரு பெண் மழையை ‘மளை’ என்று வாசித்ததும், என் கை தானாக ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை நிறுத்தியது. இது நைனாவின், என் அப்பாவின், பழக்கம். ஹார்பரில் மூட்டை தூக்கிவிட்டு, சட்டையில் கோதுமைத் தூசி மணக்கக் காலடிப்பேட்டை வீட்டுக்கு வருவார். செய்தி வாசிப்பவர் தடுக்கினால் போதும், டிவியின் குமிழைத் திருகிவிடுவார்.

“வாயக் கழுவிக்கினு வரட்டும் அவ.”

பள்ளிப் பேச்சுப்போட்டியில் ஜெயித்து ஒருநாள் நானே டிவியில் வந்தேன். ஒரு பிழையும் இல்லை. வீட்டில் சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, பாதியில் நைனா குமிழைத் திருகினார்.

“இன்னா நைனா, தப்பா பேசிட்டேனா?”

“தப்பே இல்ல. அதான் எவளோ பேசற மாரி கீது.”

அவருக்கு என்னதான் வேண்டியிருந்தது என்று இன்றுவரை புரியவில்லை. திரையில் அந்தப் பெண் சத்தமில்லாமல் வாயசைக்கிறாள். அவளுடைய நைனா இந்நேரம் சத்தத்தைக் கூட்டியிருப்பாரா, நிறுத்தியிருப்பாரா?