கொடியில் கிடந்த நீலச் சட்டை

காரைக்குடியில் எந்த விழா என்றாலும் மைக்கைப் பிடிப்பது நான்தான். பிழைப்புக்கு ஒரு ஜெராக்ஸ் கடை, பெருமைக்கு இந்தத் தொண்டை. பள்ளி ஆண்டு விழா, மஞ்சுவிரட்டு, கண் சிகிச்சை முகாம், எதுவானாலும் ஆள் அனுப்பிவிடுவார்கள். அனுப்பினால் சலித்துக்கொள்வேன், அனுப்பாவிட்டால் ஒரு வாரத்துக்கு யாரோடும் பேச மாட்டேன். என் சுபாவம் அப்படி.

இரண்டு வருடத்துக்கு முன்னால், மாசி மாதம், ஊர்க் கடைக்காரர்களும் சில வாத்தியார்களும் சேர்ந்து ஒரு விழா எடுத்தார்கள். பல மாநிலத்து நாட்டுப்புறப் பாட்டும் ஆட்டமும் ஒரே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தில், ஒரே மேடையில். அனுமதி இலவசம், நீர்மோரும் இலவசம். விளம்பரத்துக்கு என் குரலையே பதிவு செய்து ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அனுப்பினோம். நாச்சியாபுரம், ஆத்தங்குடி, சாக்கோட்டை என்று மூன்று நாள் சுற்றியது. தாய்மார்களே, பெரியோர்களே, அனைவரும் திரண்டு வாருங்கள் என்று தெருத்தெருவாகக் கத்திக்கொண்டே போனேன், அதாவது என் குரல் போனது. சாக்கோட்டையில் எங்கள் தெருவிலும் அது நுழைந்திருக்கும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

சாக்கோட்டை வீட்டில் ஆத்தா தனியாக இருந்தாள். நான் மனைவி பிள்ளைகளோடு காரைக்குடியில். தினமும் மதியம் ஸ்கூட்டரில் போய் அவளோடு சாப்பிட்டுவிட்டுக் கடைக்குத் திரும்புவேன். எனக்கு மூத்தவன் ஒருவன் உண்டு. அண்ணன் மலேசியாவுக்குப் போய் அப்போது பதினான்கு வருடம். முதல் இரண்டு வருடம் போன் வந்தது, பிறகு நின்றுவிட்டது. அனுப்பிய ஏஜென்ட்டைக் கேட்டோம், அங்கிருந்து வந்தவர்களைக் கேட்டோம், மனு எழுதினோம். இருக்கிறான் என்றும் ஒருவர் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

ஆத்தா இரண்டு காரியங்களை மட்டும் விடவே இல்லை. அவனுக்குத் தெரிந்த எண் மாறிவிடக் கூடாது என்று பழைய பட்டன் போனை வைத்திருந்தாள், மாதாமாதம் என்னை ரீசார்ஜ் செய்யச் சொல்லுவாள். அவன் விட்டுப்போன நீலச் சட்டையை வெள்ளிக்கிழமை தோறும் துவைத்துக் கொல்லைக் கொடியில் காயப்போடுவாள். துவைத்துத் துவைத்து நீலம் போய்ச் சாம்பல் நிறமாகிவிட்டது. புதிதாக வந்த பால்காரர் சந்து வழியாக அதைப் பார்த்து, உள்ளே ஆம்பளை இருப்பதாக நினைத்து ஒரு மாதம் வாசலிலேயே நின்று குரல் கொடுத்தார்.

எனக்கு அந்தச் சட்டையைக் கண்டாலே எரிச்சல். தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவன் நான், பேச்செல்லாம் அவனைப் பற்றி. செத்தவன் என்றால் படத்துக்கு மாலை போட்டு முடித்திருக்கலாம். உயிரோடு இருக்கிறான் என்றால் ஒருநாள் வந்ததும் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டிருக்கலாம். இரண்டும் இல்லாமல் ஒருவன் அந்த வீட்டில் இருந்தான், என்னைவிட அதிக நேரம் இருந்தான்.

விழா அன்றைக்கு நாலு மணிக்கே பள்ளி மைதானம் நிரம்பிவிட்டது. ஓசி மோர் என்றால் நம் ஜனம் விடுமா? அஸ்ஸாம் பெண்கள் மூங்கில் கருவியை வாயில் வைத்து இசைத்துக்கொண்டே ஆடினார்கள். ராஜஸ்தான் அம்மா ஒருத்தி தலையில் ஏழு பானை அடுக்கி ஆட, நம் கரகக்காரர் கீழே நின்று வாயைப் பிளந்தார். ஒடிசா மேளம் தொடங்கியதும் பின்வரிசையில் ஒரு கூட்டம் எழுந்து ஆடத் தொடங்கியது. பார்த்தால் ஆத்தங்குடிப் பக்கம் கட்டட வேலை செய்கிற ஒடிசாக்காரர்கள். இத்தனை நாள் சித்தாள் கூட்டம் என்று மட்டும் தெரிந்தவர்களுக்கு இப்படி ஒரு ஆட்டம் இருக்கிறது என்று ஊருக்கு அன்றுதான் தெரிந்தது. நான் மேடையில் நின்று ஒவ்வொருவரையும் வாயாரப் புகழ்ந்துகொண்டிருந்தேன். சந்தோஷமாக இருந்தது, மறைக்க ஒன்றுமில்லை.

பஞ்சாப் ஆட்டத்துக்கு முன்னால் ஒப்பாரி. சிவகங்கைக்கு அங்குட்டு ஒரு கிராமத்திலிருந்து நாலு பெண்கள் வந்திருந்தார்கள். அவர்களை மேடைக்குக் கூப்பிட, பின்னாலிருந்த வகுப்பறைக்குப் போனேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க தலைமைக்காரி கரும்பலகைக்குக் கீழே சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"தம்பி, இன்னைக்கு யாருக்குப் பாடணும்?" என்று கேட்டாள்.

எனக்குப் புரியவில்லை. அவளே விளக்கினாள். சும்மா காற்றைப் பார்த்து அவர்களால் பாட முடியாதாம். இறந்த ஆள் ஒருவர் வேண்டும். பேர் வேண்டாம், என்ன உறவு, என்ன வயது, எப்படிப் போனார் என்று சொன்னால் போதும். மேடைக்கென்று இதுவரை தன் அப்பாவைத்தான் வைத்திருந்தாளாம்.

"அவுகள எத்தன மேடைக்குத்தான் எழுப்பிக் கூட்டியாறது? போன தடவ பாடிட்டு வீட்டுக்குப் போனா, வாசல்ல அவுக செருமுற சத்தம் கேட்டுச்சு. இனி அவுகளுக்குப் பாட மாட்டேன். ஒங்க வீட்டுல யாரும் இருந்தாச் சொல்லுங்க."

என் அப்பா இறந்து இருபது வருடமாகிறது. அப்பாவைச் சொல்லியிருக்கலாம். அப்பா என்றுதான் வாயைத் திறந்தேன். அண்ணன் என்று வந்தது. நாற்பத்தைந்து வயது, கடல் கடந்து போனவன், உடம்புகூட வந்து சேரவில்லை என்றேன். ஏன் சொன்னேன் என்று பிற்பாடு எத்தனையோ காரணம் கற்பித்துப் பார்த்தேன். ஒன்றுதான் உண்மை. எங்கேயாவது ஒரு இடத்தில், ஒரு தடவையாவது, அவன் செத்திருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "போய்ச் சேந்தது நெசந்தானே? உசுரோட இருக்கவுகளுக்குப் பாடுனா, பாட்டு அவுகளத் தேடிப் போயிரும். நாங்க பாடுறதில்ல."

"நெசந்தான்" என்றேன்.

மேடைக்கு வந்து, அடுத்து ஒப்பாரி, அண்ணனை இழந்த ஒரு வீட்டுக்காக இவர்கள் பாடுகிறார்கள் என்று அறிவித்தேன். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. அறிவித்துவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தால் முதல் வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஆத்தா. மூட்டுவலியால் தெருமுனைக்குக்கூட வராதவள். பக்கத்து வீட்டுக்காரியோடு ஆட்டோ பிடித்து வந்திருக்கிறாள். மைக் என் கையில்தான் இருந்தது. நிறுத்தச் சொல்லியிருக்கலாம், கரண்டு கோளாறு என்று ஏதாவது புளுகியிருக்கலாம். எதுவும் செய்யாமல் ஓரமாக நகர்ந்து வழிவிட்டேன்.

நாலு பேரும் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுக்கொண்டார்கள். முதல் இழுப்பிலேயே மைதானம் அடங்கிவிட்டது. மோர்ப் பந்தலில் டம்ளர் சத்தம் நின்றது. ஒடிசாக்காரர்களுக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது, இருந்தும் ஒருவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். தலைமைக்காரி தங்கையாகப் பாடுவாள், மனைவியாகப் பாடுவாள் என்று நினைத்திருந்தேன். அவள் தாயாகப் பாடினாள். தாய் இருக்கிறாள் என்று நான் சொல்லவே இல்லை. கொஞ்ச நேரத்தில் இப்படி வந்தது:

"கொடியில காயுதய்யா கட்டி வச்ச நீலச் சட்ட, போட்டுக்க ஒடம்பு எங்க, போன மகன் வந்ததெங்க..."

சட்டையைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. எல்லா வீட்டுக் கொடியிலும் சட்டை காயும், ஏதோ வாய்க்கு வந்ததைப் பாடியிருப்பாள் என்று இன்றைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அவள் நீலம் என்றாள்.

ஆத்தா எழுந்தாள். யார் கையையும் பிடிக்காமல் மேடைப் படி ஏறினாள். அந்த வட்டத்துக்குப் பக்கத்தில் போய் நின்றதும், ரெண்டு பெண்கள் தோளிலிருந்து கையை எடுத்து இடம் விட்டார்கள், காத்திருந்த மாதிரி. அவள் உட்கார்ந்து, தோளில் கை போட்டு, பன்னிரண்டு வருடமாக அழாத அழுகையை அழுதாள். இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக்கொண்டு ஜனங்கள் கைதட்டினார்கள். பாட்டு முடிந்ததும், அடுத்ததாகப் பஞ்சாப் வீரர்களின் பாங்ரா நடனம் என்று அறிவித்தேன். என் தொண்டை ஒரு துளிகூடத் தடுமாறவில்லை.

ஆட்டோவில் வீட்டுக்குப் போகும்போது ஆத்தா ஒரே ஒரு தடவைதான் பேசினாள்.

"சேதி வந்ததை நேராச் சொல்ல ஒனக்கு வாய் வரலயாக்கும். அதான் ஆட்டோவுல ஒங் கொரல அனுப்பித் தெருவுல கூப்புட்டு, பாட்டுல சொல்லிட்ட. செத்தவுகளுக்குத்தான் பாடுவாகன்னு எனக்குத் தெரியாதா?"

அப்போது சொல்லியிருக்க வேண்டும். சேதி எதுவும் வரவில்லை, நான்தான் புளுகினேன் என்று. வீட்டு வாசலில் இறங்கியதும் உள்ளே போகாமல் குழாயடியில் நின்று, தலைக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னாள். ஊற்றினேன். பிறகு அவள் எனக்கு ஊற்றினாள்.

மறுநாள் சட்டையைக் கொடியிலிருந்து எடுத்துக் கண்மாயில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தாள். பதினாறாம் நாள் காரியத்துக்கு நான் மொட்டையடித்துக்கொண்டேன். காரைக்குடியில் கேட்டவர்களிடம் நேர்த்திக்கடன் என்றேன். ஆத்தா சாப்பாட்டின்போது அவனைப் பற்றிப் பேசுவதை அடியோடு விட்டுவிட்டாள். நான் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. சோறுதான் இறங்கவில்லை.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை, மதியம், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பட்டன் போன் அடித்தது. வெளிநாட்டு எண். நான் எச்சில் கையோடு எழுந்தேன். ஆத்தா முந்திக்கொண்டு போன்மேல் கையை வைத்தாள்.

"எடுக்காத. அழுது முடிச்சு, தலைக்கு ஊத்தியாச்சு. இனிமே கூப்புடுறது எம் மகன் இல்ல."

அடித்து அடித்து நின்றது. கடைக்குப் போய் அந்த எண்ணை என் போனிலிருந்து கூப்பிட்டேன். அப்படி ஒரு எண் பயன்பாட்டில் இல்லை என்று பதிவு செய்த பெண்குரல் சொன்னது. அடுத்த வெள்ளிக்கிழமை அதே எண் அதே நேரத்தில் அடித்தது. அதற்கடுத்த வெள்ளியும். ஆத்தா எடுக்க மாட்டாள், அணைக்கவும் மாட்டாள். போனை மடியில் வைத்துக்கொண்டு, அது அடித்து ஓயும் வரைக்கும் மெல்லிய குரலில் அதே ஒப்பாரியைப் பாடுவாள். நின்றதும் எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்து எனக்கு ரசம் ஊற்றுவாள். ஒன்றரை வருடம் இப்படி நடந்தது. உயிரோடு இருக்கிறவன் என்றால் அவனைக் கொன்றது நான். இல்லாதவன் என்றால் கூப்பிடுவது யார்?

போன ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை தாங்க முடியாமல் எல்லாவற்றையும் சொன்னேன். சேதி வரவே இல்லை ஆத்தா, அந்தம்மா ஆள் கேட்டாள், நான் அண்ணனைக் கொடுத்துவிட்டேன் என்றேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

போன் அடித்தது. அன்றைக்கு அவள் பாடவில்லை. மடியிலிருந்து எடுத்து என் பக்கம் நீட்டினாள்.

"நீதான அனுப்பி வச்ச. நீயே பேசு."

பொத்தானை அழுத்திக் காதில் வைத்தேன். ஆயிரம் பேர் கூட்டத்தை அடக்கிய தொண்டையில் அண்ணே என்ற ஒரு சொல் வரவில்லை. மறுபக்கமும் பேசவில்லை. யாரோ மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது, நான் விடும்போது அதுவும் விட்டது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியாது, பிறகு லைன் அறுந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்தப் போன் அடிக்கவே இல்லை. ஆத்தா இன்றும் மாதாமாதம் ரீசார்ஜ் செய்யச் சொல்கிறாள், நானும் செய்கிறேன்.