பூனைக்கு இடமில்லாத வீடு

போன மாதம் கொழும்பிலிருந்து மகள் போன் எடுத்தாள். வீட்டில் ஏதாவது ஒரு பிராணி வளர்க்கப் போகிறாளாம்.

"வீடு சின்னன் அம்மா. காலையில வேலைக்குப் போனா பொழுதுபட்டுத்தான் வாறன். எதை வளர்த்தாச் சரி வரும்?"

என்னிடம் கேட்பதற்கு முன்பே இன்டர்நெட்டில் எல்லாம் பார்த்து வைத்திருந்தாள். நாயென்றால் தினமும் நடக்கக் கூட்டிப் போக வேண்டும். கிளியென்றால் கத்தும், பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருவார்கள். மீனுக்குத் தண்ணீர் மாற்ற வேண்டும். அடுக்கிக்கொண்டே போனாள். எனக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது. அவள்மேல் இல்லை. இந்தக் காரணங்களையெல்லாம் ஒருமுறை வேறொரு வாயால் கேட்டு முடித்தவள் நான்.

"அதெல்லாம் இருக்கட்டும். வீடு ஆர்ட பேரில?" என்று கேட்டேன்.

"என்ட பேரிலதான் அம்மா. பேங்குக்கு இன்னும் கட்டிட்டிருக்கன். ஆனா உறுதிப் பத்திரம் என்ட பேரில."

"அப்ப யானையைக் கொண்டுவந்து கட்டு. ஆரும் ஒண்டும் கேக்க ஏலா."

அவள் சிரித்தாள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மகள் பிறந்தால் தாய் வீடு கட்டத் தொடங்கிவிடுவாள். கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து சேருவார். என் வீடு கடலுக்கும் வாவிக்கும் நடுவிலே ஒடுங்கிக் கிடந்த மணல் நிலத்தில் இருந்தது. முன்னால் கடல் இரைச்சல், பின்னால் வாவிக் காற்று. அந்த வீட்டுக்கு என் கணவர் ஒரு சூட்கேஸோடும் ஒரு புறாக்கூட்டோடும் வந்தார். சூட்கேஸில் நாலு உடுப்பு, கூட்டில் இரண்டு சோடிப் புறா. என் அம்மா அதைப் பார்த்தா. அடுத்த கிழமையே ஆசாரியைக் கூப்பிட்டு, வீட்டு வளவில் கால் நட்டு, கதவு வைத்த பெரிய புறாக்கூடு அடிப்பித்தா. எனக்கு ஆத்திரம். கட்டில் வாங்கவே யோசித்த மனுசி புறாவுக்கு மாளிகை கட்டுகிறாவே என்று.

"வந்த புள்ள சந்தோசமா இருக்கட்டும் கா," என்றா.

அந்த வீட்டில் யாரும் யாரையும் கேட்டு ஒன்றும் வளர்க்கவில்லை. நாய் தானாக வந்தது, நின்றுவிட்டது. பூனை குசினியில் குட்டி போட்டது. கோழி முட்டையிட இடம் தேடி அலுமாரிக்குள் போனது. நான் ஆஸ்பத்திரியில் வார்ட் வேலை. காலை, மாலை, இரவு என்று டியூட்டி மாறி மாறி வரும். எனக்கும் அப்போது நேரமில்லைதான். இருந்தும் எதுவும் பட்டினி கிடக்கவில்லை.

சுனாமியாகக் கடல் வந்த ஞாயிற்றுக்கிழமை நான் டியூட்டியில் நின்றேன். அவர் மகளைக் கூட்டிக்கொண்டு செங்கலடியில் தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தார். அம்மா வீட்டில் இருந்தா. அம்மாவை மூன்றாம் நாள் வாவிக்கரைக் கண்ணா மரப் பற்றைக்குள் கண்டெடுத்தார்கள். நாயையும் புறாக்களையும் யாரும் தேடவில்லை. வீடு இருந்த இடத்தில் கிணற்றுக் கட்டு மட்டும் நின்றது.

அதற்குப் பிறகு தகரக் கொட்டிலில் இருந்தோம். பிறகு நகரத்துக்கு வெளியே, மழை பெய்தால் தண்ணீர் நிற்கிற வெட்டையில், வரிசை வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்று கிடைத்தது. இரண்டு அறை, ஒரு குசினி, முன்னால் ஒரு விறாந்தை. பேர் பதிகிற நாளில் மேசைக்குப் பின்னால் இருந்த உத்தியோகத்தர் வெளியூர்க்காரர். "குடும்பத் தலைவர் ஆர்?" என்று கேட்டார். என் கணவர் எழும்பிப் போனார். நானும் பின்னால் போனேன்.

"ஐயா, அழிஞ்சது என்ட வீடு. அம்மா எனக்குத் தந்த சீதன வீடு. இதையும் என்ட பேரில போடுங்க," என்றேன்.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "புருசன் உயிரோட நிக்கேக்க உங்கட பேரில போட ஏலாது அக்கா. ஆற்ற பேரில இருந்தா என்ன, ரெண்டும் ஒண்டுதானே."

வரிசையில் நின்ற பெண்களும் என் கையைப் பிடித்து இழுத்தார்கள். "விடு கா. பேப்பரைத் தூக்கிட்டு எங்க ஓடப் போறாரு?" என்றாள் ஒருத்தி. அவர்களில் பிழை இல்லை. எங்கள் ஊரில் ஓர் ஆண் வாய் திறந்து 'என் வீடு' என்று சொல்லி நாங்கள் யாரும் கேட்டதில்லை. ஒருநாளும் கேளாத சொல்லுக்கு யார் பயப்படுவார்கள்? எல்லாரும் புருசன்மாரின் பேரைக் கொடுத்துவிட்டு, வீட்டுத் திறப்பைக் கையில் வாங்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டுதான் வந்தோம்.

மகள் நாய் கேட்டாள். கடலோடு போன நாயை அவள் மறக்கவில்லை. அவர் பொறுமையாக, அழகாகப் பதில் சொன்னார். "வீடு சின்னன் மகள். அம்மாக்கு டியூட்டி, எனக்கு ஓட்டம். ஆரு பாக்கிறது?" அவர் அப்போது நிவாரண நிறுவனம் ஒன்றுக்கு வான் ஓட்டினார். சொன்னது நியாயம்தான். மகள் கிளி கேட்டாள். சத்தம் என்றார். கோழி கேட்டாள். ஊத்தை என்றார். கண்ணாடித் தொட்டியில் மீன் கேட்டாள். "வீட்டுக்குள்ள தண்ணி வேணாம்," என்றார். அதற்கு நானும் தலையாட்டினேன். ஒவ்வொரு காரணமும் தனித்தனியாகப் பார்த்தால் சரி. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் அந்த வீட்டில் அவருக்குப் பிடிக்காத ஒன்றும் மூச்சு விடக்கூடாது. அது எனக்கு அப்போது விளங்கவில்லை.

நாட்டில் நடந்த சண்டை முடிந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்ன கிழமை, டவுனில் வெடி கொளுத்தினார்கள். நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தோம். யாரோ கொளுத்திய சீனவெடிச் சத்தத்துக்குப் பயந்து ஒரு பூனைக்குட்டி எங்கள் குசினிக்குள் ஓடி வந்து அரிசிப் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. சாம்பல் நிறம், ஒரு கைப்பிடிகூட இல்லை. மகள் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். வெடி கேட்கும்போதெல்லாம் அதன் காதைப் பொத்தினாள். கடல் வந்த பிறகு அவள் வாய்விட்டுக் கதைப்பது குறைவு. அன்றைக்கு அந்தக் குட்டியோடு பின்னேரம் முழுக்கக் கதைத்தாள். நான் குசினியில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தேன். எனக்கு அழுகை வந்தது.

அவர் இரண்டு நாள் கழித்து வவுனியாப் பக்கம், சண்டையில் இடம்பெயர்ந்த சனத்தின் முகாம்களுக்குச் சாமான் இறக்கிவிட்டு வந்தார். முகம் கறுத்துப்போயிருந்தது. மகளின் மடியில் குட்டியைக் கண்டதும் வெடித்தார்.

"அங்க சனம் ஒரு வாளி தண்ணிக்கு நாய் மாதிரி நிக்குது. இங்க உங்களுக்குப் பூனை கேக்குதா?"

அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் பூனைக்குட்டியைத் தெருவில் விட்டால் அந்தச் சனத்துக்குத் தண்ணீர் கிடைத்துவிடுமா? அடுத்த நாள் நான் டியூட்டி முடிந்து வரும்போது மகள் வாசற்படியில் வெறும் மடியோடு இருந்தாள். அழவுமில்லை. அப்பா வானில் ஏற்றிக்கொண்டு போய் ஏறாவூர்ச் சந்தைக்குப் பக்கத்தில் விட்டுவிட்டாராம். "அங்க மீன் கிடைக்கும், அது பிழைச்சிடும் எண்டாரு," என்றாள். அன்றோடு அவள் வாய் திரும்பவும் மூடிக்கொண்டது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எங்கள் ஊரில் புருசன் அநியாயம் செய்தால் பெண்கள் கத்திக்கொண்டிருப்பதில்லை. அவருடைய சாமான்களை எடுத்து வாசலில் வைப்பார்கள். ஆளும் தன் தாய் வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு, வெட்கப்பட்டு, பணிந்து வருவார். என் சின்னம்மா அப்படித்தான் தன் புருசனின் குடியை நிறுத்தினா. நானும் அவருடைய உடுப்பையெல்லாம் சூட்கேஸில் போட்டு விறாந்தையில் கொண்டுபோய் வைத்தேன்.

அவர் வந்து அதைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். மனுசன் சிரித்தார்.

"எங்க கா போகச் சொல்ற? இது என்ட வீடு. போறதெண்டா நீதான் போகணும்."

சொல்லிவிட்டுக் கைகால் கழுவப் போனார். சூட்கேஸை நானே தூக்கி உள்ளே வைத்தேன். எங்கே போக? கடற்கரைக் காணியில் வீடு கட்டக்கூடாது என்று அப்போது தடை. அம்மா இல்லை. மகளின் பள்ளிக்கூடம் இந்தப் பக்கம். பக்கத்து வீட்டுக்காரியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் முதலில் சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுத் தன் வீட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

நாலைந்து மாதத்தில் விறாந்தையில் பலகை அடிக்கிற சத்தம். போய்ப் பார்த்தால் புறாக்கூடு. யாரையும் கேட்கவில்லை. சத்தம் இல்லையா, ஊத்தை இல்லையா, வீடு சின்னன் இல்லையா? அறுந்துபோவான் என்று வாய்க்குள் திட்டினேன். வீடில்லாமல் வந்த ஆளுடைய புறாவுக்கு ஒரு பெண் இடம் கொடுத்தா. வீடு வந்த பிறகு அவரிடம் ஒரு பூனைக்குட்டிக்கு இடமில்லை. இத்தனை வருசமாக அந்த எச்சத்தை ஒவ்வொரு காலையும் கழுவுகிறவள் நான்தான்.

போனில் மகள் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தாள். "எனக்கு எப்படி வேணுமெண்டா அம்மா, சத்தம் போடக் கூடா. வீட்டை ஊத்தையாக்கக் கூடா. நாள் முழுக்கத் தனிய இருக்கோணும். கொஞ்சமாத் திண்டாக் காணும். நான் வரேக்க வாசல்ல நிண்டாப் போதும்."

"அப்படியொண்டு இங்க இரிக்கி மகள்," என்றேன். "பென்சன் எடுத்த நாளிலிருந்து வெளிய போறதுமில்ல. நல்லாப் பழகினது. குரலே வராது."

பகிடியாகத்தான் தொடங்கினேன். முடிக்கும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. விறாந்தையில் அவர் விசிலடித்துப் புறாக்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மா," என்றாள். "வாங்க. இது என்ட வீடு. ஆரையும் கேக்கத் தேவையில்ல. என்னென்ன சாமான் இரிக்கி, சொல்லுங்க, வாகனம் அனுப்புறன்."

"வாகனம் வேணாம். ஒரு சூட்கேஸ்தான் மகள்," என்றேன். "கூடு ஒண்டும் இல்ல."